செவில் ஓட்டலில் விரித்த பாவு

இன்று காலை கஞ்சித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அண்டாவில் நொய் கொதித்துக்கொண்டிருந்தது. அருகில் நின்ற கமிட்டித் தலைவர் ஏற்காட்டு ஆரஞ்சு ஒன்றை உரித்தபடி, வரிசையில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி ஆவியும் ஆரஞ்சுத் தோலின் நெடியும் கலந்து மூக்கில் ஏறின. இந்த இரண்டையும் ஒன்றாக நான் முகர்ந்தது இதற்கு முன் ஒரே இடத்தில்தான். ஸ்பெயின் தேசத்தில், செவில் நகரத்தில், அரசர் வந்தால் தங்குவதற்கென்று கட்டிய ஓட்டலின் மாடித் தாழ்வாரத்தில். அங்கே கஞ்சி காய்ச்சியவள் நீ. ஆரஞ்சு, ஓட்டல் முற்றத்து மரங்களுடையது.

எடப்பாடியில் இதை யாரிடம் சொன்னாலும் கிழவனுக்கு வயதாகிவிட்டது என்பார்கள். கிழவனுக்கு வயதாவதில் என்ன அதிசயம் என்று எனக்குப் புரிவதில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். நீ கூட இருந்தவள். உனக்குச் சாட்சி வேண்டாம்.

நீ என்னைத் தனியாக விட்டுக் கண்ணை மூடிய பிறகு ஒரு யுத்தம் வந்தது. அதை நடத்துகிறவர்கள் எங்கோ இருக்கிறார்கள். நூல் மட்டும் நம் ஊரில் இல்லாமல் போயிற்று. விடிகாலையில் நாமெல்லாம் தறிக்கான நீள நூலைப் பாவாக விரித்துக் கஞ்சி தடவிய பாவடித் திடலில் இப்போது ஆடுகள் மேய்கின்றன. அதன் ஓரத்தில் ஒரு கொட்டகை போட்டிருக்கிறார்கள். முன்பு நூலுக்குப் போட்ட கஞ்சியை இப்போது நெய்தவர்களுக்கு ஊற்றுகிறார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் செலவு செய்கிறார்கள். அவர்களுடைய தாராளத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களே அடிக்கடி சொல்கிறார்கள். கலெக்டருக்கு இங்கிலீஷில் மனு எழுத ஆள் வேண்டுமென்று கமிட்டியில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள்.

கொட்டகைக்கு மூன்று பக்கம் தட்டி. ரோட்டைப் பார்த்த பக்கம் திறப்பு. பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் தலையை நீட்டிப் பார்க்கிறார்கள். போன மாதம் வரை நல்ல சேலை கட்டி நடந்த பெண்கள், முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு குனிந்து குடிக்கிறார்கள். சிலர் பசியோடு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். நாலாவது பக்கத்தையும் அடைத்து ஒரு கதவு வைக்க வேண்டும் என்றேன்.

"கதவு எதுக்குங்க?" என்றார் தலைவர், ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு. "ரோட்டுல போறவிய பாத்தாத்தானுங்க நாலு பேரு அரிசி குடுப்பாங்க. போட்டோ புடிக்கிறவரு வேற சேலத்துல இருந்து வாராரு. கதவைச் சாத்திப்போட்டா அவரு எதையப் புடிக்கிறது?"

அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்தால் என் வேலை சுலபம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. உன்னிடம் ஒருமுறை பேசிவிட்டுப் போனால் குரல் தடுமாறாது என்று தோன்றியது.

சென்னையிலிருந்து அந்த ஏற்றுமதிக் கம்பெனியின் ஏஜெண்டு துரை நம் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கும். நம் தெருவில் நெய்த கட்டம் போட்ட உருமால் துணிகளை வெயிலில் பிடித்துப் பார்த்தார். செவிலில் பெரிய கண்காட்சி ஒன்று நடக்கப்போகிறது, அங்கே ஒரு நெசவாளத் தம்பதி உட்கார்ந்து நெய்து காட்டினால் தெரு முழுவதற்கும் வேலை தருகிற ஆர்டர் கிடைக்கும் என்றார். இங்கிலீஷ் படித்துவிட்டும் தறியில் உட்கார்ந்திருந்தவன் தெருவில் நான் ஒருவன்தான். ஊர் அதை ஒரு குறையாகப் பேசிவந்தது. அன்று அது தகுதியாயிற்று. உன்னையும் கூட்டிப்போக வேண்டும் என்று தெரிந்ததும் என் அக்கா நம் இருவருக்கும் சேர்த்து அழுது முடித்தாள். நீ கேட்டது ஒரே கேள்வி.

"அங்க இருக்க ஊடு குடுப்பாங்களாமா?"

வீடு தயாராகிக்கொண்டிருக்கிறது என்றார் துரை. அவர் பொய் சொல்லவில்லை.

சங்ககிரி ஸ்டேஷன் வரை மாட்டு வண்டி, பம்பாய் வரை ரயில், ஜிப்ரால்டர் வரை கப்பல். கடலைப் பற்றி நான் வருணிக்க முடியாது. அது இருந்த திசைக்கு நாம் இருவரும் தலை திருப்பவேயில்லை.

போய் இறங்கியபோது வீடு முடியவில்லை. அது முடியும் வரை கண்காட்சிக்காரர்கள் செலவில் அந்த ஓட்டலில் தங்க வைத்தார்கள். பழைய சுல்தான்களின் அரண்மனை மாதிரியே கட்டியிருந்தார்கள். சுவரெல்லாம் வண்ண ஓடு, நடுவே நீரூற்று, முற்றத்தைச் சுற்றி மாடியில் தூண்கள் வைத்த நீளமான தாழ்வாரம். அரசருக்காகக் காத்திருந்த ஓட்டலுக்கு முதலில் நாம் போய்ச் சேர்ந்தோம். உன் தலையில் இருந்த பாவு மூட்டையை வாங்கிக்கொள்ள வெள்ளைக் கையுறை போட்ட ஒருவன் ஓடிவந்தான். நீ கொடுக்கவில்லை. படியேறும் வரை அவன் வெறுங்கையோடு பின்னாலேயே வந்தான், பாவம்.

கட்டிலில் படுத்தால் உள்ளே முழுகிப்போவோம் என்று நாம் கம்பளத்தில் படுத்தோம். வேலைக்காரப் பெண் படுக்காத படுக்கையைத் தினமும் கலைத்துத் தினமும் விரித்தாள். குளியலறையில் சிங்கக் கால் வைத்த வெள்ளைத் தொட்டி இருந்தது. "அவிய அழுக்குலயே அவிய ஊறிக்கிட்டுக் கிடப்பாங்களாமா?" என்று கேட்டுவிட்டு, குவளையில் மொண்டு வெளியே நின்று குளித்தாய். முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் மஞ்சள் சோற்றின் நடுவே ஓட்டோடு கிடந்த ஏதோ ஒன்று கண்ணை விழித்து நம்மைப் பார்த்தது. "ஏனுங்க, திங்கறப்ப யாராச்சும் பாத்தா எனக்கு எறங்காது. இதையுஞ் சேத்துத்தான் சொல்றேன்," என்றாய். மறுநாளிலிருந்து ரொட்டியும் பாலும் பழமும் அறைக்கே வந்தன.

அந்த ஓட்டலில் உனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. பளிங்கு இல்லை, நீரூற்று இல்லை. அறைக் கதவு. கனத்த மரம், வெண்கலப் பிடி, உள்ளே தாழ்ப்பாள். வேலைக்காரப் பெண் அதைத் தட்டிவிட்டு, நாம் சொன்ன பிறகே வந்தாள்.

"சம்பளத்துக்கு இருக்கிற புள்ள தட்டிப்போட்டு வருது. உங்க அக்கா நம்மூட்டுக்கு ஒருக்காலாச்சும் தட்டிட்டு வந்திருக்காங்களா?"

அக்கா எங்கோ நம் ஊரில் தும்மியிருப்பாள்.

சில நாளில், வீடு முடிந்துவிட்டது, மறுநாள் காலை வண்டி வரும் என்று துரை வந்து சொன்னார். பார்த்துவரப் போனோம். கண்காட்சித் திடலில் ஓர் ஓலைக் குடிசை. எடப்பாடியில் ஓட்டு வீட்டில் பிறந்து ஓட்டு வீட்டுக்கு வாக்கப்பட்ட நீ, ஓலைக் குடிசைக்குக் குடிபோக ஸ்பெயின் வரை வரவேண்டியிருந்தது. பின்னால் ஒரு படுதாவில் யானை எழுதியிருந்தார்கள். உள்ளே தறிக் குழி, மண் அடுப்பு, பாய். மூன்று பக்கம் சுவர். நாலாவது பக்கம் ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் டிக்கெட் வாங்கியவர்கள் நிற்பார்கள். காலையில் நாம் நெய்ய வேண்டும், உச்சியில் சமைத்துச் சாப்பிட வேண்டும், பிறகு தூங்க வேண்டும் என்று துரை விளக்கினார். தூக்கத்துக்கும் நேரம் குறித்திருந்தார். இருட்டிய பிறகும் அங்கேயே இருக்க வேண்டும். விளக்குப் போட்டுக் காட்டுவார்கள்.

நீ குடிசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாய்.

"கதவு எங்கீங்க?"

நான் துரையிடம் கேட்டேன். "கதவா? உங்கள் ஊர் உஷ்ணமாயிற்றே," என்றார். அதை உனக்குச் சொன்னேன்.

"உஷ்ணமா இருந்தா ஊட்டைச் சாத்தமாட்டாங்கன்னு அவருக்கு ஆரு சொன்னது? தூங்கறதையுமா நின்னு பாப்பாங்க?"

"டிக்கெட்டுல அதுவும் சேர்த்திதான்," என்றேன்.

ஓட்டலுக்குத் திரும்பினோம். அறைக்குள் வந்து தாழ் போட்ட பிறகுதான் வாய் திறந்தாய்.

"நான் அங்க போறதில்லீங்க."

"ஏம் புள்ள, கொஞ்சம் நெனச்சுப் பாரு. ஆர்டர் கைநழுவிப் போச்சுன்னா தெருவுக்கு என்ன பதிலு சொல்றது? அத்தனை தறியும் அதை நம்பித்தான் உக்காந்திருக்குது."

"பதிலை நான் சொல்றனுங்க. வேலையைக் காட்டி ஆர்டர் வாங்க வந்தமுங்க. வவுத்தைக் காட்டி வாங்க வரலீங்க. தறியில உக்காந்தா ஊரே வந்து பாக்கட்டும், எனக்கென்ன? சோத்துல கை வெச்சா கதவு வேணும்."

"துரை கோவிச்சுக்கிட்டுத் திருப்பி அனுப்பிச்சா?"

"வந்த வழி தண்ணியிலதான இருக்குது. எங்கயும் போயிருக்காது."

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மாடித் தாழ்வாரம் நீளம் எத்தனை இருக்குமுங்க?" என்று கேட்டாய். சமாதானமாகிப் பேச்சை மாற்றுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அதுவரை உன்னோடு எத்தனையோ வருஷம் குடித்தனம் நடத்தியும் அப்படி நினைத்தேன்.

நம் தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரர் குடியிருப்பவரோடு எவ்வளவு சண்டை வேண்டுமானாலும் போடலாம்; பாவு விரித்துவிட்டால், அதை நெய்து துணியைத் தறியிலிருந்து அறுக்கும் வரை வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது. பாதிப் பாவில் ஆளை எழுப்பினால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள். செவில் நகரத்தில் இந்த வழக்கம் செல்லுமா என்று நீ யாரையும் விசாரிக்கவில்லை.

காலையில் நான் கண் விழித்தபோது கஞ்சி மணம் அடித்தது. நீ சமையலறைக்கு இறங்கிப்போய், கைச்சாடையிலேயே அரிசி வாங்கி, அவர்கள் அடுப்பிலேயே குழையக் காய்ச்சி, சிங்கக் கால் தொட்டியில் ஊற்றிப் பாவை முக்கி வைத்திருந்தாய். அந்தத் தொட்டிக்கு அதுவரை நம்மால் கிடைக்காத மரியாதை கிடைத்தது. என்னைப் பாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னாய். போனேன். தாழ்வாரத்தின் கோடியில் ஒரு பளிங்குத் தூணில் அதைக் கட்டினேன். இந்த முனையை நீ நம் அறைக் கதவைச் சாத்தி, அதன் வெண்கலப் பிடியில் இறுக்கிக் கட்டினாய். நடுவில் நாற்காலிகளைத் தாங்கலாக நிறுத்தினாய். நம் பெட்டிகள் அறைக்குள்ளே. கதவைத் திறந்தால் பாவு அறும்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று தூரிகையால் கஞ்சியைத் தடவி நூலைப் பிரித்து விட்டோம். சிவப்பும் நீலமுமாக அந்த வண்ண ஓட்டுச் சுவருக்கு எதிரே அது விரிந்து கிடந்தது. முற்றத்து ஆரஞ்சு மரங்களின் வாசனை மேலே ஏறி வந்தது. நம் பாவடியில் இவ்வளவு நல்ல நிழல் கிடையாது என்று நீ குறை சொன்னாய்.

பெட்டி தூக்க வந்த ஆட்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊதா இடைக்கச்சை கட்டிய ஒரு பிஷப் தம் அறையிலிருந்து வெளியே வந்தார். பாவைத் தாண்டுவதற்காக அங்கியைத் தூக்கிக்கொண்டு ஒரு காலை உயர்த்தினார். பாவைத் தாண்டுவதை நம்மில் யார் பொறுப்போம்?

"தாண்டாதீங்க சாமி! குனிஞ்சு போங்க, குனிஞ்சு!"

நம் ஊரில் குழந்தையைச் சாமி என்று கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டாய். அவருக்கு எப்படிக் கேட்டதோ, காலைக் கீழே வைத்து, தலையைக் குனிந்து, அந்தப் பக்கம் வந்தார். போகவுமில்லை. ஒரு நாற்காலியைத் தேடினார். எல்லாம் பாவின் கீழ் இருந்தன. நின்றே பார்த்தார்.

பிறகு மானேஜரும் துரையும் வந்தார்கள். மானேஜர் எந்நேரமும் கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் போலக் கறுப்புக் கோட்டு அணிந்திருப்பார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். துரையின் முகம் நம் பாவில் இருந்த சிவப்புக்கு வந்திருந்தது. இதை உடனே அவிழ்க்கச் சொல் என்றார்.

"பாவு விரிச்சாச்சுன்னு சொல்லுங்க. நெய்து துணியா அறுத்தாத்தான் எந்திரிக்க முடியும்."

சொன்னேன். வழக்கத்தையும் விளக்கினேன். ஓட்டலுக்கு ஆகாது என்ற பகுதியை மானேஜர் இரண்டாம் தடவை கேட்டுக்கொண்டார்.

"நெய்து முடிக்க எத்தனை நாள் ஆகும்?" என்றார்.

"அது நூலைப் பொறுத்துதுங்க."

"முடிந்ததும் போய்விடுவீர்களா?"

"அதெப்படிங்க? இது முடியறதுக்குள்ள அடுத்த பாவைக் கொண்டாந்து இதோட வாலுல பிணைச்சிருவோமுங்க. தறி காலியாக் கெடக்கக் கூடாதுங்களே."

நான் இதையும் எழுத்துப் பிசகாமல் சொன்னேன். மானேஜர் மீசையைத் தடவினார். "எங்கள் நாட்டிலும் இப்படிச் சில குடும்பங்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் காலி செய்யச் சொல்ல முடியவில்லை. அவர்களைப் பிரபுக்கள் என்கிறோம்," என்றார். பிஷப்புக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஆர்டர் ரத்தாகும் என்றார் துரை. அதை உனக்குச் சொன்னேன். உன் முகத்தைப் பார்த்தேன். நீ தூரிகையை நிறுத்தவில்லை.

"பகல்ல அங்க வந்து நெய்யறோம். எத்தனை பேரு வேணா பாக்கட்டும், வெரல் எப்படிப் போகுதுன்னு கிட்ட வந்தே பாக்கட்டும். பசிச்சாலும் இருட்டினாலும் இந்த அறைக்கு வந்துருவோம். அவருக்குச் சம்மதமான்னு கேளுங்க. இல்லாட்டி அடுத்த கப்பல் எப்பன்னு கேளுங்க."

காப்பாற்றியது மானேஜர். நம் மேல் கருணை என்று நினைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த ஓட்டலில் பாதி அறைகள் காலி. கண்காட்சிக் கணக்கில் வாடகை வருகிற ஓர் அறையை ஒரு குடிசைக்குப் பறிகொடுக்க அவருக்கு மனமில்லை. இவர்கள் இங்கே தங்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை, பிஷப்புக்கும் இல்லை என்று தெரிகிறது என்றார் துரையிடம். நியாயம் தனியாக வந்தால் வாசலில் நிற்கவேண்டியிருக்கிறது. வாடகையோடு வந்தால் உடனே உள்ளே விடுகிறார்கள்.

துரை இணங்கியதும், காய்ந்த பாவைச் சுருட்டிக் குடிசைத் தறிக்குக் கொண்டுபோனோம். ஆனால் குடிசையில் சமையல் பார்க்க டிக்கெட் வாங்கியவர்களுக்கு என்ன செய்வது? செவில் நகரம் தேவாலயத்துக்குச் சிலை செய்யும் தச்சர்களுக்குப் பெயர் போனது. துரை இரண்டு மரப்பொம்மைகள் செய்யச் சொன்னார். பெண் பொம்மைக்குச் சேலை கட்டி அடுப்பின் முன் உட்கார வைத்தார்கள். முகம் மட்டும் அவர்களுக்குத் தெரிந்த ஒரே முகம்: மகனை இழந்த மாதாவின் முகம், கன்னத்தில் கண்ணாடிக் கண்ணீர். காலையில் தறிக்கு வந்த நீ அவளை உற்றுப் பார்த்தாய்.

"சோறு குழைஞ்சு போச்சுன்னு அழுகறா போலிருக்குது," என்றாய்.

கூட்டம் அவளையும் பார்த்தது, மனம் உருகியது, போயிற்று. ஒருவர்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. நாம் நெய்ததைப் பார்க்கவும் ஆட்கள் நின்றார்கள். கட்டம் எப்படி விழுகிறது என்று கேட்ட பெண்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு நீ தமிழிலேயே சொன்னாய், புரிந்துகொண்டார்கள். மாலையானால் ஓட்டலுக்கு வருவோம். கதவைச் சாத்தித் தாழ் போடுவாய். கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்போம். நான் அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

ஆர்டர் வந்தது, சொன்னதில் பாதி. துரை அதன் பிறகு நம் தெருப் பக்கம் வரவில்லை. தெருவில் சிலர் உன்னைக் குறை சொன்னார்கள். குடிசையில போயி உக்காந்திருந்தா மீதியும் வந்திருக்குமல்லோ என்றார்கள். "நீங்க போயி உக்காருங்க, நான் டிக்கெட்டு வாங்கிட்டு வாரேன்," என்றாய். பேச்சு அதோடு நின்றது.

உன் கடைசிக் காய்ச்சலில் உறவும் தெருவும் உன் படுக்கையைச் சுற்றி நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நீ என் பக்கம் கண்ணைத் திருப்பி, "கதவைச் சாத்துங்க," என்றாய். எல்லோரையும் வெளியே அனுப்பிச் சாத்தினேன். வைத்தியரும் வெளியே மாட்டிக்கொண்டார். அதனால் உனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அக்கா இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

மேலே உள்ளதை எழுதி மூடி வைத்துவிட்டுக் கமிட்டிக்குப் போனேன். சில நாள் கழித்து இன்று மீதியை எழுதுகிறேன்.

தட்டியும் கதவும் வைக்கக் கமிட்டியிடம் வசதி இல்லை என்றார் தலைவர். தட்டியை நெசவாளர்களே முடைவார்கள், கதவு என் பொறுப்பு என்றேன். கதவை வைத்தால் அரிசி கொடுப்பவர்கள் குறைவார்கள் என்றார். குறைந்தால் நான் வீடு வீடாகப் போய் வாங்கிவருகிறேன் என்றேன்.

"ஏனுங்க இத்தனை புடிவாதம்? கஞ்சி குடிக்கிறதுல என்னுங்க வெக்கம்?"

"குடிக்கிறதுல இல்லீங்க. உங்களுக்கு நாளைக்கு எலை போடறப்போ நாங்க எல்லாம் வந்து வரிசையா நின்னு பாக்கறமுங்க. அப்பப் பேசலாமுங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார்.

புதுக் கதவுக்குத் தேக்கு வாங்குகிற காலமா இது? நம் உள்ளறைக் கதவைத் தச்சரைக் கூப்பிட்டுக் கழற்றினேன். வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். அடைக்க வந்தவர்கள் கேட்காமலே வந்தார்கள். வேலை இல்லாத கைகளுக்கு அன்று ஒரு வேலை. பொழுது சாய்வதற்குள் நாலாவது பக்கம் மூடி, நிலை நிறுத்தி, கதவை மாட்டியாயிற்று.

இன்று காலை போட்டோக்காரர் வந்தார். பெண்கள் பாத்திரங்களோடு உள்ளே போனார்கள். இதுநாள் வரை வராமல் இருந்த சிலரும் வந்தார்கள். கடைசியாக நுழைந்தவள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, சாத்திக்கிடலாமுங்களா?"

"தாழ்ப்பாள் உள்பக்கந்தான் இருக்குது சாமி. போட்டுக்க."

போட்டுக்கொண்டாள். போட்டோக்காரர் திகைத்து நின்றுவிட்டு, தலைவரையே கதவுக்கு முன்னால் நிறுத்தி எடுத்தார். தலைவருக்கு அது முன்பு நினைத்திருந்ததைவிடப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் நாளைக்கே வேறொருவர் வந்து இந்தக் கதவை எடுக்கச் சொல்வார். ஒவ்வொரு நன்கொடைக்காரருக்கும் உள்ளே எட்டிப்பார்க்க ஒரு காரணம் இருக்கும். அதனால் தினமும் காலையில் போய் அங்கே நிற்பதென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். மனு எழுதுகிற வேலை இருக்கிறது; அதை நின்றபடியே எழுதலாம்.

போட்டோ எடுத்து முடிந்ததும் தலைவர் என்னை ஓரமாக அழைத்து, "இப்ப உள்ள என்னுங்க நடக்குது?" என்று கேட்டார்.

"தெரியலீங்க," என்றேன். "சாத்தியிருக்குது."